பிக்கப் எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும்: துவாஸ் தம்பியின் கேள்விக்குப் பதில்

சிங்கப்பூரின் துவாஸில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-450 பிக்கப் 18 டன் இழுக்கிறது என்று வீடியோவில் பார்த்தோம். எங்கள் பிக்கப் 3.5 டன் இழுக்கும் என்று ஆஸ்திரேலிய விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டரை டன் ஜெனரேட்டர் டிரெய்லரைப் பின்னால் மாட்டி, பின்பாடியில் 20 மூட்டை சிமெண்ட் ஏற்றி, ஐந்து பேர் உட்கார்ந்து சைட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் பாஸ். தாங்குமா? தாங்காதென்றால் அமெரிக்க வண்டி ஒன்றை இறக்குமதி செய்தால் என்ன?”

தாங்காது தம்பி. இறக்குமதியும் உங்கள் வேலைக்குச் சரிவராது. இதைக் கணக்கோடு சொன்னால்தான் உங்கள் பாஸிடம் நீங்கள் பேச முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஜூரோங் பக்கம் பட்டறையிலும், அப்புறம் போக்குவரத்துப் பொறுப்பிலும் வேலை பார்த்தவன் நான். பிக்கப்பின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்த்தபடி ஆயர் ராஜா விரைவுச்சாலையில் போவதைப் பார்த்தால் இப்போதும் மனம் பதறுகிறது. உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

முதலில் உங்கள் வண்டியின் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். இங்கே சரக்கு வண்டிகளில் இரண்டு எடைகளைக் கிலோவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். யூஎல்டபிள்யூ என்பது வெறும் வண்டியின் எடை. எம்எல்டபிள்யூ என்பது ஆள், சாமான், எல்லாம் சேர்ந்து வண்டி அதிகபட்சமாக எவ்வளவு எடை இருக்கலாம் என்பது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய மொத்தச் சுமை. அந்தச் சுமைக்குள் டிரைவரும் அடக்கம், பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவரும் அடக்கம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு டபுள் கேப் பிக்கப், அதாவது இரண்டு வரிசை சீட் உள்ளது, வெறுமனே 1,950 கிலோ, அதிகபட்சம் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,050. ஐந்து பேருக்கு ஆளுக்கு 75 கிலோ என்றால் 375 போய்விட்டது. டூல் பாக்ஸ், கேபிள் சுருள், ஜாக்கி, ஏணி என்று 125 கிலோ வைத்தால் மிச்சம் 550. இப்போது டிரெய்லரை மாட்டுகிறீர்கள். டிரெய்லரின் எடை முழுவதையும் அதன் சக்கரங்கள் தாங்குவதில்லை. பத்தில் ஒரு பங்காவது கொக்கியில், அதாவது டோ பாலின் மேல் இறங்கவேண்டும். அது பிக்கப் சுமக்கும் எடை. 2,500 கிலோ டிரெய்லருக்கு 250 கிலோ. மிச்சம் 300. ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு. பாஸ் கேட்டது இருபது.

இத்தனைக்கும் நாம் 3.5 டன் இழுவை என்ற எண்ணைத் தொடவே இல்லை. விளம்பரத்தில் பெரிதாக அச்சடிக்கும் எண்ணுக்கு எட்டும் முன்பே, சின்ன எழுத்தில் இருக்கும் வேறொரு எண் உங்களைத் தடுத்துவிடும். பிக்கப் சுமை பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: வண்டிக்கு ஒரே ஒரு வரம்பு கிடையாது. வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று, டோ பாலைத் தாங்கும் டோ பாருக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்கு ஒன்று. எது முதலில் நிறைகிறதோ அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கூட்டு எடைதான் அந்த 3.5 டன் விளம்பரத்தின் உள்விவரம். ஆஸ்திரேலியாவில் 2020க்குப் பிறகு விற்கும் இசூசு டி-மேக்ஸ் 3.0 லிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பு 3,100 கிலோ, கூட்டு எடை வரம்பு சுமார் 6,000 கிலோ. வண்டியை 3,100 வரை நிரப்பினால் டிரெய்லருக்கு மிஞ்சுவது 2,900தான். முழுசாக 3,500 இழுக்க வேண்டுமானால் வண்டி 2,500 கிலோவுக்குள் இருக்கவேண்டும். அப்படியென்றால் டிரைவர், துணைக்கு ஒருவர், கொக்கியில் இறங்கும் 350 கிலோ, அவ்வளவோடு ஏறக்குறைய முடிந்தது. பின்பாடி காலியாகத்தான் போகவேண்டும். ஹைலக்ஸ், ட்ரைட்டன், நவாரா, ரேஞ்சர் எல்லாவற்றிலும் கதை கொஞ்சம் கூடக்குறைய இதேதான். விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. சுமப்பதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் முழுசாகச் செய்யலாம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. படிக்கிறவர்தான் அப்படி எடுத்துக்கொள்கிறார்.

கொக்கியில் இறங்கும் எடை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. டோ பால் பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கும் பின்னால், பம்பரைத் தாண்டி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து டோ பால் 1.25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே 300 கிலோவை இறக்கும்போது பின் அச்சில் கூடுவது 300 அல்ல, சுமார் 420 கிலோ. கூடுதலாக வந்த அந்த 120 முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டது. ஏற்றமரத்தின் ஒரு முனையில் ஆள் ஏறினால் மறுமுனை எழும்புமே, அதே கதைதான். ஸ்டியரிங் இருப்பதும் பிரேக்கின் பெரும்பங்கு வேலை நடப்பதும் முன் சக்கரத்தில். அங்கே எடை குறைந்தால், டிசம்பர் மழையில் சாலை வழுவழுப்பாக இருக்கும்போது திருப்பினாலும் வண்டி திரும்பாது, மிதித்தாலும் சரியாக நிற்காது.

சரி, அப்படியானால் கொக்கியில் எடையைக் குறைத்துவிடலாமே, ஜெனரேட்டரை டிரெய்லரின் பின்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தால் போச்சு என்று யாராவது ஐடியா சொல்வார்கள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். கொக்கியில் பத்து சதவீதத்துக்கும் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி விரைந்து கடந்தால் போதும், அந்தக் காற்றில் டிரெய்லர் இடமும் வலமும் அலைந்து, ஒவ்வொரு அலைவும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் பிக்கப்பையே பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடும். வேகம் கூடக்கூட இந்த ஆட்டம் சீக்கிரம் வரும். வந்துவிட்டால் கால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்து ஆட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். டிரெய்லரின் பிரேக்கைத் தனியாகப் போடும் வசதி இருந்தால் அதை மட்டும் மெல்லப் போடலாம்.

பிரேக் என்றதும் ஞாபகம் வருகிறது. பிக்கப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இழுப்பதையே பேசுகிறார்கள். நிறுத்துவதைப் பற்றிக் கேட்பவர் குறைவு. 2,100 கிலோ வெறும் பிக்கப் விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 4 லட்சம் ஜூல். அதே வேகத்தில் டிரெய்லரோடு 6,000 கிலோ என்றால் 11 லட்சத்தைத் தாண்டும். நிற்கும்போது அவ்வளவும் பிரேக்கில் சூடாக மாறியாக வேண்டும். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லாவிட்டால் பிக்கப்பின் நாலு சக்கரமே முழு வேலையையும் செய்யவேண்டும். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ என்று கோடு போட்டிருக்கிறார்கள். உங்கள் ஜெனரேட்டர் டிரெய்லரில் முன்னால் கொக்கிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே உள்ளே அமுங்குகிற தண்டு மாதிரி ஒன்று இருந்தால், பிக்கப் நிற்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளி அதன் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்ளும் வகை அது. சைட்டில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் டிரெய்லரில் அந்தத் தண்டு துருவேறி இறுகியிருக்கும். கையால் தள்ளிப் பார்த்து, கிரீஸ் அடித்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் ரோட்டில் எடுக்கவே கூடாது.

இப்போது அமெரிக்க வண்டிக்கு வருவோம். அந்த 18 டன் உண்மைதான். 2023 மாடல் ஃபோர்டு எஃப்-450 சூப்பர் டியூட்டி, 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினின் கூடுதல் திறன் வகையோடு, 40,000 பவுண்டு இழுக்கும் என்று ஃபோர்டு அறிவித்தது. கிலோவில் 18,144. அந்த எஞ்சின் 500 குதிரைத்திறன், 1,627 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நம் டி-மேக்ஸ் 3.0 லிட்டர் 450 நியூட்டன் மீட்டர் என்றால் வித்தியாசம் புரியும். ராம் 3500, கம்மின்ஸ் 6.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 2023 மாடலில் 37,090 பவுண்டு வரை போனது. செவர்லே சில்வராடோ 3500 எச்டி 36,000 பவுண்டு. அதில் இருக்கும் டியூராமேக்ஸ் டீசல் எஞ்சினை ஜெனரல் மோட்டார்ஸும் நம் இசூசுவும் ஓஹையோ மாநிலத்தில் கூட்டுக் கம்பெனி வைத்துத் தயாரிக்கத் தொடங்கினார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாத செய்தி.

ஆனால் 40,000 பவுண்டு என்பது பம்பருக்குப் பின்னால் இருக்கும் டோ பாலில் மாட்டி இழுப்பதில்லை. அது கூஸ்நெக் இணைப்பில். டிரெய்லரின் கழுத்து வளைந்து மேலே வந்து, பிக்கப்பின் பின்பாடிக்கு நடுவில், கிட்டத்தட்டப் பின் அச்சுக்கு மேலேயே பதித்த உருண்டையில் உட்காரும். சற்றுமுன் கணக்குப் போட்டோமே, அந்த ஏற்றமரச் சங்கதி இங்கே இல்லை. எடை நேராகப் பின் அச்சில் இறங்குகிறது, முன் சக்கரம் தூக்கப்படுவதில்லை, வால் ஆட்டமும் வெகுவாகக் குறைகிறது. பம்பர் பக்கக் கொக்கியில் மாட்டினால் அதே வண்டியின் இழுவை வரம்பு நன்றாகவே இறங்கிவிடும். கூஸ்நெக்கில் சுமார் 15 சதவீத எடை வண்டியின் மேல் வருவதாகக் கணக்கு. 40,000 பவுண்டுக்கு அது 6,000 பவுண்டு, அதாவது 2,700 கிலோவுக்கு மேல். நம் ஊர் பிக்கப் ஒன்று மொத்தமாக இருக்கக்கூடிய எடையைக் கிட்டத்தட்ட நெருங்கும் சுமை, அங்கே கொக்கியில் மட்டுமே இறங்குகிறது.

அதைத் தாங்கும்படி அந்த வண்டி கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் அதில் ஒரு பங்கு மட்டும்தான். பின் அச்சைப் பாருங்கள். நம் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் சக்கரத்தைச் சுற்றவைக்கும் அச்சுத் தண்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. அமெரிக்கக் கனரக பிக்கப்பில் எடையை வெளியே இருக்கும் குழாயும் அதன்மேல் மாட்டிய பேரிங்குகளும் தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்டுக்குச் சுற்றவைக்கிற வேலை மட்டும். தண்டு உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. இது எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போகவேண்டாம். பக்கத்தில் நிற்கும் 10 அடி அல்லது 14 அடி லாரியின் பின் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு குமிழ் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், அதன் முகத்தைச் சுற்றி வட்டமாக போல்ட் இருக்கும். அந்த வகை அச்சுதான் அது. அப்புறம் உங்கள் பிக்கப்பின் பின் சக்கரத்தைப் பாருங்கள், தட்டையாக இருக்கும்.

அதோடு பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர். ஒவ்வொரு டயரிலும் 80 பிஎஸ்ஐ வரை காற்று அடைக்கலாம். தடித்த இரும்புச் சட்டம், கியர்பாக்ஸ் எண்ணெய்க்குப் பெரிய கூலர், டிரைவர் சீட்டிலிருந்தே டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கட்டுப்பாடு, இறக்கத்தில் டர்போவின் இதழ்களை மூடிப் புகையை அடைத்து எஞ்சினையே பிரேக்காக மாற்றும் வசதி எல்லாம் உண்டு. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகும் வாசனை வந்தவர்களுக்கு அந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு காலத்தில் இழுவை எண்ணை அவரவர் விருப்பப்படி போட்டுக்கொண்டார்கள். ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. 2008இல் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்று ஒரு சோதனை முறையை வெளியிட்டது. முதலில் ஒப்புக்கொண்டு எண்ணைப் போட்டது டொயோட்டாதான், 2011 மாடல் டன்ட்ராவில். மற்றவர்கள் சில வருடங்கள் தயங்கி, பிறகு வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து மலை ஏறும் ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது, சுமார் 18 கிலோமீட்டர் விடாத ஏற்றம். வெளியே 38 டிகிரி வெயில், ஏர்கான் முழு வேகத்தில், பின்னால் முழுச் சுமை. பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, இரட்டைச் சக்கர வண்டி 56க்குக் கீழே போகக்கூடாது, எஞ்சினும் சூடேறி எச்சரிக்கை விளக்குப் போடக்கூடாது. அதோடு 12 சதவீத ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து முன்னால் ஐந்து முறை, ரிவர்ஸில் ஐந்து முறை நகர்ந்து காட்டவேண்டும்.

இந்தக் கடைசிச் சோதனைதான் நமக்கு நெருக்கமானது. சிங்கப்பூரில் மலை கிடையாது, உண்மை. ஆனால் உட்லண்ட்ஸ், காக்கி புக்கிட், துவாஸ் பக்கத்து மாடித் தொழிற்கூடங்களின் சாய்தளத்தை நினைத்துப் பாருங்கள். பாதி ஏற்றத்தில், வளைவில், முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டால் நீங்களும் நின்று மறுபடி கிளம்பவேண்டும். 10 சதவீத ஏற்றத்தில் 6,000 கிலோ கூட்டு எடை என்றால், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை மட்டும் சுமார் 600 கிலோ எடைக்குச் சமம். நகராமல் நிற்கவே அவ்வளவு வேண்டும். கிளட்ச் வண்டியாக இருந்தால் ஒரே மாதத்தில் கிளட்ச் தட்டு கருகி வாசனை வரும். ஆட்டோ என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறி, தேன் நிறத்தில் இருந்தது கறுத்துப்போகும். விளம்பர எண்ணை அடைய முடிகிற வண்டியா இல்லையா என்பது இந்த மாதிரி இடத்தில்தான் தெரியவரும்.

அப்படியானால் அமெரிக்க வண்டியை வாங்கிவிடலாமே? முதல் தடை ஸ்டியரிங். அவை இடதுபக்க ஸ்டியரிங்கோடு கட்டப்படுபவை. இங்கே பதிவு செய்ய வலதுபக்கம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ராம், சில்வராடோ போன்றவற்றை மெல்போர்னில் பிரித்து வலதுபக்கமாக மாற்றி விற்கிறார்கள். அந்த வேலைக்கே தனி விலை. அடுத்தது லைசென்ஸ். டீசல் எஞ்சின், நாலு கதவு, இரட்டைப் பின் சக்கரம் என்று எடுத்தால் வெறும் வண்டியே 3,500 கிலோவைத் தாண்டும். நம் மூன்றாம் வகுப்பு லைசென்ஸில் சரக்கு வண்டியின் வெற்று எடை 2,500 கிலோவுக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் நான்காம் வகுப்பு. எஃப்-450இன் மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ. இலகு சரக்கு வண்டி என்ற 3,500 கிலோ எல்லையை எங்கேயோ தாண்டிவிட்டது. விரைவுச்சாலையில் 70 அல்ல, 60க்கு இறங்கவேண்டும். பார்க்கிங்கை நினைத்தால் இன்னும் சிரமம். இங்கே கார் நிறுத்துமிடம் ஒன்று 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். நாலு கதவும் நீளப் பின்பாடியும் கொண்ட இரட்டைச் சக்கர எஃப்-350 சுமார் 6.7 மீட்டர் நீளம், பின் சக்கர வளைவுகளில் 2.4 மீட்டருக்கும் கொஞ்சம் மேல் அகலம். கோட்டைத் தொடாமல் நிறுத்தவே முடியாது.

அந்த வண்டி அந்த நாட்டுக்குச் சரியான வண்டி. பண்ணையிலிருந்து மாட்டு டிரெய்லரையும் வைக்கோல் பேல்களையும் நூற்றுக்கணக்கான மைல் இழுத்துப் போகிறவருக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. வாரக்கடைசியில் அதே வண்டியில் குடும்பத்தோடு ஊருக்குள்ளும் போய்வருவார். அந்த வேலைக்காக மனிதர்கள் சிந்தித்துக் கட்டிய வண்டி அது, எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: அதன் விளம்பரத்திலும் இரண்டு பெரிய எண்கள் ஒரே வண்டியில் கிடைப்பதில்லை. சூப்பர் டியூட்டி வரிசையில் அதிகம் சுமக்கும் வண்டி, 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,630 கிலோ, இரண்டு கதவுள்ள பெட்ரோல் எஃப்-350. அதிகம் இழுப்பது டீசல் எஃப்-450. டீசல் எஞ்சினும் கூடுதல் கதவும் தோல் சீட்டும் எல்லாம் எடைதான். வசதி ஏற ஏற, ஏற்றும் சுமை இறங்கும்.

நமக்கு இங்கே ஏற்கெனவே நல்ல வண்டிகள் இருக்கின்றன. இசூசு, ஃபூசோ கேன்டர், ஹினோ என்று தினமும் பார்க்கும் ஜப்பான் லாரிகளில் டிரைவர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்துவிடுகிறார். மூக்கு இல்லாததால் அதே நீளத்தில் சரக்குத் தளம் பெரிதாகிறது, எடை இரண்டு அச்சுக்கும் ஒழுங்காகப் பகிர்கிறது, வளைவிலும் சுலபமாகத் திரும்புகிறது. இரண்டரை டன் ஜெனரேட்டருக்கு என் யோசனை: இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். லாரி கிரேனை, அதாவது லாரியிலேயே பொருத்திய கிரேனை வைத்து ஏற்றி, தளத்தின் நடுவில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டி, சைட்டில் அதே கிரேனால் இறக்கிவிடலாம். இங்கே ஜெனரேட்டர் வாடகைக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள், காரணத்தோடுதான். டிரெய்லர் என்றால் அதற்கும் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவில் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட். பின்னால் விளக்கு, சிக்னல், பிரேக் எல்லாம் வேலை செய்யவேண்டும். குறுகிய சைட் வாசலில் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதற்கும் பழகிய கை வேண்டும். லாரி கிரேனில் கவனிக்கவேண்டியது கை நீளம். அருகில் ஐந்து டன் தூக்கும் கிரேன், கையை நீட்ட நீட்டக் குறைவாகத்தான் தூக்கும். இரண்டரை டன்னை எவ்வளவு தூரத்தில் இறக்கவேண்டும் என்பதை முதலிலேயே அளந்து, கிரேனில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, பயிற்சி முடித்த ஆளை வைத்து, லாரியின் தாங்கு கால்களை முழுசாக விரித்து ஊன்றிய பிறகே தூக்கவேண்டும்.

சிமெண்டும் ஆட்களும் உங்கள் பிக்கப்பில் வரலாம். ஐந்து பேர், கருவிகள், கூடவே 11 மூட்டை வரை என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது. நான் பத்தோடு நிறுத்துவேன். மூட்டைகளை முன்பக்கம், கேபின் சுவரை ஒட்டி அடுக்குங்கள். டெயில்கேட் பக்கம் அடுக்கினால் சுமை அதேதான், ஆனால் பின் அச்சுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் முன் சக்கரம் லேசாகும் கதை மறுபடியும் வரும்.

சிமெண்ட் மூட்டையை எண்ணலாம், அதனால் பரவாயில்லை. எண்ண முடியாத சரக்கில்தான் ஆள் ஏமாறுவார். பிக்கப்பின் பின்பாடி ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கொள்ளும். அதில் ஈர மண்ணை விளிம்புவரை நிரப்பினால் 1,600 கிலோவைத் தாண்டும். கருங்கல் ஜல்லி என்றால் ஒன்றரை டன். பார்வைக்கு ‘இன்னும் இடம் இருக்கிறதே’ என்று தோன்றும். தோட்ட வேலை செய்யும் கம்பெனிகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காலையில் உலர்ந்த மண்ணாக ஏற்றியது, மத்தியானம் ஒரு மழை பெய்தால் அதே உயரத்தில் இன்னும் கனக்கும். தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான்: ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், அதுவும் பாதி நிரம்பியிருந்தால் பிரேக் போடும்போது முன்னால் பாய்ந்து தள்ளும்.

பட்டறையில் ஸ்பிரிங் பட்டை இரண்டு கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கூட்டினால் பின்பக்கம் உட்காராது, அவ்வளவுதான். அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், டயர் அதே டயர், பிரேக்கும் அதே பிரேக். டயர் பக்கவாட்டில் 112 என்று எண் இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. ஸ்பிரிங் மாற்றியதால் அந்த எண் மாறாது. எம்எல்டபிள்யூவும் மாறாது. சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே காற்றுப் பை வைப்பது இன்னும் மோசமாக முடியலாம். ஸ்பிரிங்கின் இரு முனைகளில் பரவவேண்டிய சுமையை அது சட்டத்தின் ஒரே இடத்தில் குத்தவைக்கிறது. ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் பிக்கப்புகள் கேபினுக்குப் பின்னால் சட்டம் வளைந்து, பின்பாடி தொங்கிப்போன படங்களைப் பார்த்தால், அதிகச் சுமையோடு இந்தக் காற்றுப் பையும் பல வண்டிகளில் இருந்திருக்கும். உட்கார்ந்துபோன பின்பக்கம் உங்களுக்கு உண்மையைச் சொல்கிற அறிகுறி. அதை மறைக்காமல் சுமையைக் குறையுங்கள்.

கடைசியாக ஜெனரேட்டரின் எடை. பாஸ் சொல்லும் இரண்டரை டன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டலாக்கில் பெரும்பாலும் டீசலும் எண்ணெயும் கூலன்ட்டும் இல்லாத எடையைப் போட்டிருப்பார்கள். டீசல் லிட்டருக்கு சுமார் 0.84 கிலோ, 400 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் அதுவே 335 கிலோ. கேபிளையும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸையும் டிரெய்லரிலேயே போட்டிருந்தால் அதுவும் சேரும். ஊகிக்க வேண்டாம். துவாஸ் பக்கம் பழைய இரும்பு யார்டுகளில் எடை மேடை இருக்கிறது. ஒருநாள் வேலை குறைவாக இருக்கும்போது, வழக்கமாக ஏற்றும் சுமையோடு பிக்கப்பை முழுசாக ஒருமுறை, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒருமுறை நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சீட்டை எம்எல்டபிள்யூவோடும், இரண்டாவதைக் கதவு ஓரத்துத் தகட்டில் இருக்கும் பின் அச்சு வரம்போடும் ஒப்பிடுங்கள். அந்த இரண்டு சீட்டையும் பாஸின் மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள்; அப்போது வாதம் உங்களுக்கும் அவருக்கும் இடையே இருக்காது.